பிக்கப்புக்கு ஹிட்ச் செய்யக் கொடுத்திருக்கிறீர்களா? பெயிண்ட் அடிக்கும் முன் போய்ப் பார்த்துவிடுங்கள்

பிக்கப் வண்டியில் கனமான டிரெய்லர் இழுப்பதற்காக ஒரு வெல்டிங் பட்டறையில் ஹிட்ச் செய்யக் கொடுத்தேன். வாய்ப்பேச்சாக இல்லை, படமே வரைந்து கொடுத்தேன். டிரெய்லர் பக்கத்துக் கொக்கியைச் செருகும் ரிசீவர் குழாய் உள்ளளவு 2 அங்குலம், சுவர் கனம் 6 மி.மீ. சேஸிஸில் உட்காரும் பக்கத் தகடு 10 மி.மீ. போல்ட் 10.9 கிரேடு. வெல்டிங்குக்கு 7018 ராடு. "அப்படியே போட்டுடலாம் சார்" என்று பட்டறைக்காரர் சொல்லிப் படத்தைச் சுவரில் ஒட்டியும் வைத்தார். வந்து சேர்ந்தது பளபளவென்று கறுப்புப் பெயிண்ட் அடித்த ஒரு டுபாக்கூர் சாமான். பட்டறையின் பெயரை இங்கே எழுதவில்லை. இதே வேலையை யாரும் செய்ய முடியும் என்பதால், எதையெல்லாம் மாற்றினார்கள் என்று மட்டும் சொல்கிறேன்.

பாரம் ஏற்றி ஓட்டும்போது மேடு பள்ளத்தில் பின்னால் 'டக்' என்று ஒரு சத்தம். குனிந்து பார்த்தால், ரிசீவர் குழாய் குறுக்குச் சட்டத்தில் சேரும் மூலையில் பெயிண்ட் மயிரிழையாக வெடித்திருந்தது. அந்த வெடிப்பிலிருந்து துருத் தண்ணீர் வழிந்த தடம். ஸ்க்ரூடிரைவர் முனையால் சுரண்டினேன், பட்டி பெயர்ந்து வந்தது. ஆமாம், கார் டிங்கரிங்கில் பள்ளம் நிரப்பப் பூசுவார்களே, அதே பட்டி. அதற்கு அடியில் வெல்டிங் தொடர்ச்சியாகவே இல்லை. அங்கங்கே டாக் (பொட்டுப் பொட்டான வெல்டு) வைத்து, கிரைண்டரால் மழமழவென்று தேய்த்து, இடைவெளியைப் பட்டியால் மூடியிருக்கிறார்கள்.

அப்புறம் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தேன். வெர்னியர் வைத்தால் குழாயின் கனம் 3 மி.மீ.தான். போல்ட் தலைகளில் 10.9 என்ற எண்ணும் இல்லை, வேறு எந்தக் குறியும் இல்லை. 10.9 போல்ட் சதுர மி.மீ.க்கு 1000 நியூட்டன் இழுவையைத் தாங்க வேண்டும். 4.6 கிரேடு சாதா போல்ட்டுக்கு அது 400 மட்டுமே. தகட்டில் துளைகளை டிரில் போடாமல் கேஸ் கட்டிங்கில் ஊதியிருந்தார்கள். போல்ட்டைவிடப் பெரிதாகக் கோணல்மாணலாக இருந்த துளைகளைப் பெரிய வாஷர் போட்டு மறைத்துவிட்டார்கள். சத்தம் அங்கிருந்துதான். எனக்கு உண்மையிலேயே வயிறு கலங்கியது சேஃப்டி செயின் மாட்டும் வளையத்தைப் பார்த்தபோதுதான். கட்டடக் கம்பியை வளைத்து ஒட்டியிருந்தார்கள். டிரெய்லர் உட்காரும் இரும்பு உருண்டையான பால் (ball) கழன்றாலும் டிரெய்லரைப் பிடித்து நிறுத்த வேண்டியது அந்த ஒரே செயின்தான்!

திரும்பக் கொண்டுபோய்க் காட்டினேன். "நீங்க ஓவர்லோடு ஏத்தியிருப்பீங்க சார்" என்றார். குழாய் கனத்தைக் காட்டியதும், "அந்தச் சைஸ் கிடைக்கலை, இதுவே தாங்கும். வேணும்னா ரெண்டு கோட்டிங் வெல்டிங் போட்டுத் தரேன்." ஓவர்லோடு போல்ட்டின் கிரேடை மாற்றாது, குழாயையும் தேய்க்காது.

ஹிட்சில் 'இதுவே தாங்கும்' என்ற பேச்சுக்கு இடமில்லை. 2000 கிலோ டிரெய்லர் என்றால், அதில் பத்திலிருந்து பதினைந்து சதவீதம், அதாவது 200 முதல் 300 கிலோ வரை பாலின் மேல் அழுத்த வேண்டும். குறைந்தால் டிரெய்லர் வாலாட்ட ஆரம்பிக்கும். பால் சேஸிஸைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் நெம்புகோல் கணக்கில் பின்பக்க போல்ட்டுகளில் அந்த எடையைவிட அதிக இழுவை விழும். குழியில் இறங்கி ஏறும்போது இன்னும் கூடும். ராடு விஷயமும் சின்னதில்லை. 6013 என்ற இன்னொரு வகை மெல்லிய தகட்டுக்கு நல்ல ராடு, ஆனால் கனமான தகட்டில் ஆழமாக இறங்காது. 7018 வாங்கிவிட்டால் மட்டும் போதாது, ஈரம் படாமல் சூடான பெட்டியில் வைத்திருக்க வேண்டும். ஈர ராடில் போட்ட வெல்டு ஆறிய பிறகு உள்ளுக்குள் விரிசல் விடலாம்.

செய்யக் கொடுப்பவர்கள் பெயிண்ட்டையும் கிரைண்டரையும் கண்டிப்பாகத் தடுத்துவிடுங்கள். "பச்சை இரும்பாகவே கொடுங்கள், பெயிண்ட் நான் அடித்துக்கொள்கிறேன்" என்றால் போதும், பாதித் தில்லுமுல்லு அங்கேயே நின்றுவிடும். இரும்பை வெட்டுவதற்கு முன்னாலேயே கனத்தை அளந்துவிடுங்கள். வெல்டு போட்ட பிறகு, விரிசலைக் காட்டிக்கொடுக்கும் சாயமான டை பெனட்ரன்ட் அடித்துப் பார்க்கலாம். சிவப்புச் சாயத்தைத் துடைத்துவிட்டு வெள்ளை டெவலப்பர் அடித்தால், மேற்பரப்பில் விரிசல் இருக்கும் இடத்தில் சிவப்புக் கோடு தெரியும். பில்லில் 'ஹிட்ச் வேலை' என்று ஒற்றை வரி எழுதினால் வாங்காதீர்கள். தகட்டின் கனம், போல்ட் கிரேடு, ராடு மூன்றும் பில்லில் இருக்க வேண்டும். சேஸிஸின் மேல் கீழ் விளிம்புகளில் குறுக்காக வெல்டு வைக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால், வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள். அந்தச் சூட்டில் சேஸிஸே பலவீனமாகும்.

பணம் திரும்பி வரவில்லை. எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். பட்டி உதிர்ந்த மூலையின் படங்களும் வெர்னியர் அளவும் கையில் இருக்கின்றன. பில்லில்தான் அந்த ஒற்றை வரி, அதை வைத்துத்தான் இப்போது அவர் வாதம் செய்கிறார்.