நெடுநாள் நின்ற பாய்லரில் கசிவு: தண்ணீர் அழுத்தமா, காற்றா, நெருப்பா?

பல மாதம் சும்மா நின்ற பாய்லரைத் திரும்ப ஓட்டும்போது எங்கோ ஒழுகினால், இடத்தைக் கண்டுபிடிக்க மூன்று வழிகள் உண்டு: குளிர்ந்த தண்ணீர் நிரப்பி அழுத்தம் ஏற்றும் ஹைட்ரோ டெஸ்ட், காற்று ஏற்றி சோப்பு நுரை பார்ப்பது, நேராகப் பற்றவைத்துப் பார்ப்பது. பலரும் மூன்றாவதில் தொடங்குகிறார்கள். அது கடைசியில் வரவேண்டியது.

காரணம், நெருப்பு குழப்பிவிடும். எரிவாயு எரியும்போது புகையோடு நிறைய நீராவியும் வரும்; டியூப் (பாய்லருக்குள் இருக்கும் குழாய்) சுமார் 55 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருக்கும்வரை அது வியர்த்துச் சொட்டும், சூடேறியதும் நின்றுவிடும். இதைக் கசிவென்று நம்பி நல்ல டியூப்பைப் பிடுங்கிவிடக் கூடாது. நிஜமான சிறு கசிவோ சூட்டில் ஆவியாகிக் கண்ணுக்கே படாமல் போகலாம்.

காற்றைப் பற்றி அதிகம் பேச வேண்டாம். அழுத்திய காற்று தன்னுள் ஆற்றலைச் சேர்த்து வைத்திருக்கும்; துருப்பிடித்த இடம் விட்டுக்கொடுத்தால் வெடிக்கும், பக்கத்தில் நிற்பவர் உயிர் போகும். பாய்லரில் தண்ணீர் இருக்கும் பகுதிக்கு இது வேண்டவே வேண்டாம்.

ஹைட்ரோ டெஸ்டில் அந்த ஆபத்து மிகக் குறைவு. அழுத்தினால் தண்ணீர் அநேகமாகச் சுருங்காது, கொஞ்சம் வெளியேறினாலே அழுத்தம் இறங்கிவிடும். ஆனால் மேலே உள்ள வென்ட் (காற்று போக்கும் திறப்பு) வழியாகக் காற்று முழுக்க வெளியேறியிருக்க வேண்டும். தண்ணீர் ரொம்பக் குளிர்ச்சியாக இருந்தால் வெளிப்புறம் வியர்த்து, பழைய குழப்பமே திரும்பும். புது பாய்லருக்கு வழக்கமான ஒன்றரை மடங்கு அழுத்தம் கசிவு தேட அவசியமில்லை. வழக்கமாக ஓடும் வேலை அழுத்தமே பெரும்பாலும் போதும். அதற்கு மேல் போவதென்றால் பாய்லர் ஆய்வாளர் சொல்லட்டும்.

பம்ப்பை மூடிவிட்டு அழுத்த மீட்டரின் முள்ளைக் கவனியுங்கள். முள் இறங்கியும் எங்கும் ஈரமில்லை என்றால் ப்ளோடவுன் வால்வையும் (அடியிலிருந்து தண்ணீரை வெளியேற்றுவது) ஃபீட் லைன் செக் வால்வையும் (உள்ளே வரும் தண்ணீர் திரும்பிப் போகாமல் தடுப்பது) சந்தேகியுங்கள். ஈரம் தெரிந்தால், சொட்டும் இடத்தை நம்பாதீர்கள். மேலிருந்து துடைத்து, முதலில் எங்கே நனைகிறது என்று பாருங்கள். வெள்ளை உப்புத் தடம் இருந்தால் அது பழைய கசிவு. ஃபயர் டியூப் பாய்லரில் (சூடான புகை டியூப்புக்குள்ளும் தண்ணீர் வெளியிலும் இருக்கும் வகை) டியூப்பைச் சுற்றி வளையமாகக் கசிந்தால் கோளாறு இணைப்பில்; டியூப் வாயை விரிக்கும் எக்ஸ்பேண்டர் கருவி போட்டு இறுக்கிப் பார்க்கலாம். டியூப் வாயின் உள்ளிருந்து வழிந்தால் டியூப்பிலேயே ஓட்டை. பாதித் தண்ணீரோடு நிறுத்தி வைத்த பாய்லரில் ஆக்சிஜன் அரித்த குழிகள் நீர்மட்டக் கோட்டை ஒட்டி அதிகம் வரும். அப்புறம், காய்ந்துபோன மேன்ஹோல், ஹேண்ட்ஹோல் (ஆள் நுழையும், கை நுழையும் திறப்புகள்) மூடிகளின் கேஸ்கட்டுகள். இவற்றைத் தண்ணீர் நிரப்புவதற்கு முன்பே மாற்றிவிடுவது நல்லது.

ஹைட்ரோ டெஸ்டுக்கும் ஒரு குறை உண்டு. சில இணைப்புகள் குளிரில் கசிந்து சூட்டில் இறுகும், சில நேர்மாறு. ஆகவே டெஸ்டில் தேறிய பிறகு மெதுவாகச் சூடேற்றி இன்னொரு முறை பாருங்கள். இரவில் ஃபீட் வால்வை மூடி, நீர்மட்டம் காட்டும் கேஜ் கிளாஸில் மட்டத்தைக் குறித்து, காலையில் இறங்கியிருக்கிறதா என்று பார்ப்பதானால், இரு முறையும் ஆறிய நிலையிலேயே குறியுங்கள்: 100 டிகிரியிலிருந்து 25 டிகிரிக்கு ஆறும் தண்ணீர், கசிவே இல்லாமலும் சுமார் 4 சதவீதம் சுருங்கும்.