ஸ்டோரிவீவர்: காட்ட முடியாததைக் காட்டும் படக்கதைகள் கைப்பேசித் திரையில் என்ன ஆகின்றன?

பெங்களூரில் இயங்கும் இலாப நோக்கமற்ற பதிப்பகமான பிரதம் புக்ஸ் 2015ஆம் ஆண்டு தொடங்கிய ஸ்டோரிவீவர் என்னும் இணையச் சேவையைப் பரிந்துரைப்பவர்கள், அது இலவசம் என்பதையும் தமிழ்க் கதைகள் நிறையக் கிடைக்கின்றன என்பதையும் சொல்லி நிறுத்திக்கொள்வது வழக்கம். இரண்டும் உண்மைதான். ஆனால் வேலூரில் மாலை வேளைகளில் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளோடு அமர்ந்து கதை வாசிக்கும் எனக்கு வேறொரு கேள்வியே முதன்மையாகப் படுகிறது. காலம், தூரம், அச்சம், காத்திருப்பு, இல்லாமை என விரல் நீட்டிக் காட்ட முடியாதவற்றை இந்தப் படக்கதைகள் பிள்ளைகளிடம் எந்த அளவுக்குக் கொண்டுசேர்க்கின்றன என்பதை வைத்தே இந்தச் சேவையை இங்கே மதிப்பிடுகிறேன்.

மாம்பழத்தை வரைந்துவிடலாம், ‘நேற்று’ என்பதை வரைய முடியாது. ‘இல்லை’ என்பதை வரைவது அதைவிடக் கடினம், ஏனெனில் படம் எதை வரைந்தாலும் அது இருக்கிறது என்றே சொல்கிறது. ஆகவே தேர்ந்த ஓவியர் முதற்பக்கத்தில் ஒரு திண்ணையையும் அதில் அமர்ந்திருக்கும் பாட்டியையும் வரைந்து, அடுத்த பக்கத்தில் அதே திண்ணையை, அதே கோணத்தில், ஆளில்லாமல் வரைகிறார். இல்லாமை இந்த இரண்டு படங்களுள் எதிலும் இல்லை. பக்கத்தைத் திருப்பும் குழந்தையின் நினைவில்தான் அது உருவாகிறது. அச்சத்துக்கு உருவ அளவும், தனிமைக்கு வெற்றிடமும், காத்திருப்புக்குச் சிறு மாற்றங்களோடு திரும்பத் திரும்ப வரும் ஒரே காட்சியும் இவ்வாறே பயன்படுகின்றன.

இது நம் பக்கத்து மக்களுக்குப் புதிய உத்தி அன்று. வட ஆர்க்காட்டுத் திரௌபதி அம்மன் விழாக்களில் அர்ச்சுனன் தபசு நாளன்று வேடமிட்டவர் நெடிய தபசு மரத்தில் ஏறும்போது, தவம் என்னும் அகச்செயல் உயரமாக மாறிவிடுகிறது. பாரதப் போரின் முடிவை நிகழ்த்திக் காட்டும் படுகளத்தில் மண்ணால் செய்து கிடத்தப்படும் துரியோதனனின் பேருருவம், வீழ்ந்தவனின் செருக்கு எவ்வளவு பெரியது என்பதை உரை ஏதுமின்றிச் சொல்லிவிடுகிறது. கூத்துக் களத்தில் ஏழு வயதுப் பிள்ளை புரிந்துகொள்கிற இந்த மொழியை, குழந்தைகளுக்கான நூல் என்றவுடன் நாம் ஏன் கைவிட்டு நீதிவாக்கியங்களை நாடுகிறோம் என்பது எனக்கு நெடுநாளைய வியப்பு. ஸ்டோரிவீவரில் உள்ள நல்ல கதைகள் இந்த நாட்டத்திலிருந்து விலகி நிற்கின்றன. அதுவே அவற்றின் முதற்சிறப்பு.

காலத்தை எடுத்துக்கொள்வோம். ரூபா பை எழுதிய கதை ஒன்றில், கொள்ளுப்பாட்டியின் வயதை அறிய விரும்பும் இரட்டைப் பிள்ளைகள், அவருடைய வாழ்க்கை நினைவுகளை ஆண்டு தெரிந்த வரலாற்று நிகழ்வுகளோடு பொருத்திக் கணக்கிடுகிறார்கள். குழந்தைக்கு ‘தொண்ணூறு ஆண்டுகள்’ என்பது வெறும் ஒலி. ஆனால் ஒரு நிகழ்வுக்கு முன், இன்னொன்றுக்குப் பின் என்று அடுக்கிக் காட்டும்போது ஆண்டுகள் இடம்பெற்று நிற்கின்றன. கதை மைசூர்ப் பக்கத்தைச் சேர்ந்தது என்றாலும் முறை இங்கேயும் அப்படியே செல்லுபடியாகிறது. வாசித்து முடித்தபின் பிள்ளைகள் தாமாகவே 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டதைப் பிடித்துக்கொண்டார்கள். “ஆத்துல தண்ணி வந்தப்ப நான் பால்வாடியில இருந்தேன்” என்று ஒரு சிறுமி தொடங்கியதும், மற்றவர்களும் தங்கள் தம்பி தங்கைகளின் பிறப்பை அந்த வெள்ளத்துக்கு முன், பின் என்று வகுத்துவிட்டார்கள். இவற்றைச் சுவரில் ஒரு காலக்கோடாக வரைந்து, வாணியம்பாடியைச் சூறையாடிய 1903ஆம் ஆண்டு வெள்ளத்தையும் அதே கோட்டில் குறிக்க முயன்றபோது, கோடு சுவரைத் தாண்டிப் போயிற்று. ‘மிகப் பழைய காலம்’ எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று அப்போது எவருக்கும் தனியே விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஒப்பளவு என்னும் கருத்துக்கும் எளிய கதைகள் உண்டு. ஒரு செயலுக்கு மிகவும் சிறிய பிள்ளை என்றும் வேறொன்றுக்கு மிகவும் பெரிய பிள்ளை என்றும் மாறி மாறிச் சொல்லப்படும் குழந்தையின் கதை, சிறியதும் பெரியதும் பொருளில் இல்லை, ஒப்பீட்டில்தான் இருக்கிறது என்பதை ஒரு வரையறையும் இல்லாமல் உணர்த்துகிறது. பேரெண்களைப் பற்றிய கதைகளில் மட்டும் சற்று எச்சரிக்கை தேவை. பீடி சுற்றும் வீட்டுப் பிள்ளைக்கு ஆயிரம் என்பது திகைப்பூட்டும் எண் அன்று. அம்மாவின் கூலியே ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்றுதான் கணக்கிடப்படுகிறது. அந்தப் பிள்ளையிடம் இலட்சத்திலிருந்து தொடங்கலாம்.

சேவையின் அமைப்பில் எனக்குள்ள முதன்மையான மாற்றுக்கருத்து, கதைகளை நான்கு வாசிப்புநிலைகளாகப் பிரித்திருக்கும் முறையைப் பற்றியது. நிலை என்பது சொற்களின் எண்ணிக்கையையும் வாக்கியங்களின் கடினத்தையும் பொறுத்தது. கருத்தின் கனத்தை அது அளப்பதில்லை. பக்கத்துக்கு ஒரு வரி மட்டுமே கொண்ட முதல் நிலைக் கதை இழப்பைப் பற்றியதாக இருக்கலாம். நான்காம் நிலையில் உள்ள நீண்ட கதை வெறும் வேடிக்கையாக முடியலாம். எழுத்துக்கூட்டி வாசிக்கத் தொடங்கியவர்களுக்கு இந்தப் பகுப்பு மிகவும் உதவும். கருத்தைத் தேடுபவர்களுக்கு உதவாது. விலங்குகள், அறிவியல், குடும்பம் போன்ற பொருட்பிரிவுகளும் அப்படித்தான். காத்திருப்பைப் பற்றிய கதை வேண்டுமென்றால் பலவற்றைத் திறந்து பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இனித் திரைக்கு வருகிறேன். 1959இல் படக்கதைக் கலைஞர் லியோ லியோனி, கிழித்த வண்ணக் காகிதத் துண்டுகளையே பாத்திரங்களாக்கி, நீலமும் மஞ்சளும் தழுவிக்கொண்டு பச்சையாவதை நட்பின் கதையாகச் சொன்னார். அங்கே நிறமே கருத்து. நிறத்தை எடுத்துவிட்டால் கதையில் ஒன்றும் எஞ்சாது. திரை நிறத்தை நன்றாகவே காக்கிறது. உள்ளூர் ஜெராக்ஸ் கடையின் கருப்பு வெள்ளைப் படிதான் அதைக் கொன்றுவிடுகிறது. எனவே, கதையைக் கோப்பாகப் பதிவிறக்கி அச்சிட்டுக்கொள்ள விரும்பும் ஆசிரியர்கள், நிறத்தை நம்பாத கோட்டோவியக் கதைகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அல்லது வண்ண அச்சுக்குச் செலவிட வேண்டும்.

கைப்பேசி தோற்பது அளவில். வெற்றிடத்தின் நடுவே ஒரு மூலையில் நிற்கும் சிறுமி தனிமையைச் சொல்ல வேண்டுமானால், அந்த வெற்றிடம் பார்ப்பவரின் கண்ணை நிறைக்க வேண்டும். உள்ளங்கை அளவுத் திரையில் எல்லாமே சிறிதாகிவிடுவதால் சிறுமை பொருளிழக்கிறது. பக்கத் திருப்பமும் விரலின் ஒரு தள்ளலாகக் குறுகி, அடுத்தது என்ன என்னும் தயக்கத்துக்கு நேரம் தராமல் ஓடிவிடுகிறது. பள்ளியின் திறன் பலகையிலோ மடிக்கணினியிலோ காட்டி, ஒவ்வொரு பக்கத்திலும் சற்று நிறுத்தினால் இக்குறை பெருமளவு நீங்கும். பிள்ளையிடம் கைப்பேசியைக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் கைப்பேசியே ஏற்றது என்பேன். சிகிச்சைக்காக வேலூருக்கு வந்து மருத்துவமனைத் தாழ்வாரங்களிலும் விடுதி அறைகளிலும் நாள்களைக் கழிக்கும் குடும்பங்களுள் வங்கமும் இந்தியும் பேசுவோர் பலர். ஒரே படங்களோடு ஒரே கதை பல மொழிகளில் கிடைப்பதால், அருகருகே அமர்ந்திருக்கும் வங்கப் பிள்ளையும் தமிழ்ப் பிள்ளையும் ஒரே பக்கத்தைப் பார்த்துத் தத்தம் மொழியில் வாசிக்க முடியும்.

கதைகள் திறந்த உரிமத்தில் வெளியிடப்படுவதால், மூலப் படைப்பாளிகளைக் குறிப்பிட்டுவிட்டு யாரும் மொழிபெயர்க்கலாம், எளிமைப்படுத்தலாம், அச்சிடலாம். பலர் கைபடுவதால் தமிழ்நடை சீராக இருப்பதில்லை. உரக்க வாசிக்கும் முன் ஒருமுறை தனியே வாசித்து, நெருடும் வரிகளை நம் பேச்சுக்கேற்ப மாற்றிக்கொள்வது நல்லது. படம் ஏற்கெனவே காட்டிவிட்டதை வரி மீண்டும் சொல்லும் இடங்களில், அந்த வரியை விட்டுவிட்டே வாசிக்கலாம்.

அச்சு நூலுக்கு இது மாற்று அன்று. தாளின் பரப்பும் மையின் தடிப்பும் கருத்தில் பங்குகொள்ளும் நூல்களுக்குச் சென்னையின் துலிகா, தாரா போன்ற பதிப்பகங்களைத்தான் நாட வேண்டும்; அவற்றின் விலை எல்லா வீடுகளுக்கும் எட்டக்கூடியதாக இல்லை. எனவே கதையை முதலில் ஸ்டோரிவீவரில் வாசித்துப் பார்த்து, பிள்ளைகள் மறுபடி கேட்பவற்றை மட்டும் வண்ணத்தில் அச்சிட்டுத் தைத்து வைத்துக்கொள்வதே, குறைந்த பணத்தில் வகுப்பறை நூலகம் அமைக்க நினைப்போருக்கு நான் சொல்லும் வழி.