பேச்சுப் பயிற்சி: மாவட்ட மையமா, திருவனந்தபுரமா?

இரண்டு வயது முடிந்தும் இரு சொற்களைச் சேர்த்துச் சொல்லாத பிள்ளையை, நம் கன்னியாகுமரி மாவட்டத்து ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் (குழந்தைகளின் வளர்ச்சித் தாமதங்களைக் கண்டறிந்து உதவும் அரசு மையம்) காட்டுவதா, திருவனந்தபுரம் ஆக்குளத்தில் உள்ள நிஷ் என்னும் தேசியப் பேச்சு, செவித்திறன் நிறுவனத்துக்குக் கொண்டுபோவதா என்று கேரள எல்லையோரக் களியக்காவிளைப் பக்கத்துப் பெற்றோர் தவிப்பதை அடிக்கடி பார்க்கிறேன்.

செலவு: மாவட்ட மையத்தில் 18 வயதுவரை இலவசம். நிஷில் கட்டணத்தை முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

வசதி: நிஷ் 1997 முதல் செவித்திறனுக்கும் பேச்சுக்கும் என்றே இயங்குவதால் சோதனையும் பயிற்சியும் ஒரே வளாகத்தில் கிடைக்கும்.

மொழி: என் கவலையெல்லாம் இதில்தான். நம் பிள்ளை தம்ளரைக் காட்டி 'வெள்ளம்' என்றால் அது குடிதண்ணீர். மலையாளப் பயிற்சியாளருக்கு உடனே புரியும், வெளிமாவட்டத் தமிழருக்கோ அது ஆற்றுப் பெருக்கு. ஆனால் வாக்கியப் பயிற்சி வீட்டில் பேசும் தமிழிலேயே நடக்க வேண்டும் என்பதால், எங்கே போனாலும் பிள்ளை சொல்லும் சொற்களை எழுதி எடுத்துச் செல்லுங்கள். இருமொழி கேட்டு வளர்வதால் பேச்சு தாமதமாகாது.

காது கேட்பதில் ஐயம் இருந்தால் நிஷ் ஏற்றது. வாரந்தோறும் தொடர வேண்டிய பயிற்சிக்கு, தமிழில் பேசும் மாவட்ட மையமே என் தேர்வு. இரண்டில் எதுவானாலும் செவித்திறன் சோதனையை முதலில் முடித்துவிடுங்கள்.