கப்பலில் சானா, ஸ்டீம் பாஸ் வாங்கப் போகிறீர்களா? என் அம்மாவுக்கு நடந்ததைப் படித்துவிட்டு வாங்குங்கள்

போன டிசம்பர் பள்ளி விடுமுறையில் சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, புக்கெட் போய்த் திரும்பும் நான்கு இரவுக் கப்பல் பயணம் போயிருந்தோம். நான், என் கணவர், பையன், திருச்சியிலிருந்து வந்திருந்த அம்மா. அம்மாவுக்கு 64 வயது. இரண்டு முழங்காலிலும் வலி, பத்து வருடமாகப் பிரஷர் மாத்திரை. இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

மெரினா பே குரூஸ் சென்டரில் கப்பல் ஏறும்போது மதியம் ஒரு மணி. கேபின் தயாராக இன்னும் நேரம் இருந்தது. சாப்பிட்டுவிட்டு வெளியே வந்தால், ஸ்பா சீருடையில் ஒரு பெண் நின்றுகொண்டு, “சும்மா வந்து சுற்றிப் பாருங்கள், குலுக்கலில் பரிசும் உண்டு” என்று எல்லோரையும் அழைத்துக்கொண்டிருந்தார். போனோம். மேல் டெக்கில், கடலைப் பார்த்தபடி கண்ணாடிச் சுவர், சூடேறும் டைல்ஸ் பதித்த சாய்வு நாற்காலிகள், மர அறையாக சானா, பக்கத்தில் ஸ்டீம் ரூம், நடுவில் ஒரு வெந்நீர்த் தொட்டி. அம்மா அந்த நாற்காலியில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, “இதுல சாஞ்சா முட்டிக்கு இதமா இருக்கும் போலிருக்கேடி” என்றார். அந்த ஒரு வார்த்தைதான் என்னைப் பணம் கட்ட வைத்தது.

ஸ்டீம் ரூம் கதவைத் திறந்து காட்டவில்லை. “இப்போது சுத்தம் செய்கிறார்கள்” என்றார்கள். அம்மா என்னிடம், “நொச்சி இலை போட்டு வேது பிடிக்கிற மாதிரிதானே?” என்று கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். “அதேதான், மூட்டு வலிக்கு ரொம்ப நல்லது” என்று அந்தப் பெண் சொன்னார். பயணம் முழுக்க இந்த இடத்தைப் பயன்படுத்திக்கொள்ள பாஸ் வாங்கவேண்டும், மொத்தமே 60 பாஸ்தான், அதில் ஏழுதான் பாக்கி என்றும் சொன்னார். ஒரு ஆளுக்கு 109 அமெரிக்க டாலர். கணவர் கொஞ்சம் தயங்கினார். அம்மா என்றைக்கு இன்னொரு தடவை கப்பல் ஏறப் போகிறார் என்று நான்தான் இரண்டு பாஸ் வாங்கினேன்.

இந்த இடத்தைக் கவனியுங்கள். அந்தப் பெண் கையில் ஒரு டேப்லெட் இருந்தது. எங்கள் பெயர், கேபின் எண் கேட்டுக்கொண்டே திரையில் மளமளவென்று தட்டிக்கொண்டு போனார். கடைசியில் திரையைத் திருப்பி, “இங்கே விரலால் கையெழுத்துப் போடுங்கள்” என்றார். நான் போட்டேன், அம்மாவும் போட்டார். பாஸுக்கான ரசீது என்றுதான் நினைத்தேன். மாத்திரை சாப்பிடுகிறீர்களா, பிரஷர் இருக்கிறதா, இதய நோய் இருக்கிறதா என்று ஒரு கேள்விகூட எங்களிடம் வாய்விட்டுக் கேட்கவில்லை.

பில்லைக் கேபினில் வந்து பார்த்தபோது 109 என்பது 128.62 ஆகியிருந்தது. 18 சதவீதம் டிப்ஸ் தானாகவே சேர்ந்துவிட்டது. மசாஜ் செய்துவிட்டவருக்கு டிப்ஸ் என்றால் புரிந்துகொள்ளலாம். நாமே போய் உட்கார்ந்து, நாமே எழுந்து வரும் அறைக்கும் அது உண்டு. இரண்டு பேருக்கும் சேர்த்து 257.24 டாலர். வங்கியின் அந்நியச் செலாவணிக் கட்டணத்தோடு சிங்கப்பூர் வெள்ளியில் 340-க்கு மேல்.

அன்று மாலை ஆசையாகக் கிளம்பிப் போனோம். ஸ்டீம் ரூம் கதவில் “பராமரிப்புக்காகத் தற்காலிகமாக மூடப்பட்டுள்ளது” என்று ஆங்கிலத்தில் ஒரு தாள். கிட்டே போய்ப் பார்த்தேன். லேமினேட் செய்த தாள் அது. நான்கு மூலையும் பிரிந்து, பழைய செல்லோடேப் மஞ்சளாகி, அதன் மேல் புது டேப் ஒட்டியிருந்தது. அன்றைக்குத் திடீரென்று பழுதானதற்கு யாரும் லேமினேட் போட்டு வைத்திருக்க மாட்டார்கள். மதியம் சொன்ன ‘சுத்தம் செய்கிறார்கள்’ அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

சரி, சானாவிலாவது உட்காரலாம் என்று போனால், சுவரில் இருந்த வெப்பமானி முள் 46-ல் நின்றது. சானா என்பது பின்லாந்துக்காரர்களின் வழக்கம். உலர்ந்த சூடு, சாதாரணமாக 70 முதல் 100 டிகிரி வரை இருக்கும். காற்றில் ஈரம் குறைவு என்பதால் வியர்வை உடனே ஆவியாகும், அதனால்தான் அவ்வளவு சூட்டையும் உடம்பு தாங்குகிறது. ஸ்டீம் ரூம் நேர் எதிர். 40 முதல் 50 டிகிரிதான், ஆனால் காற்று முழுக்க ஈரம். வியர்வை ஆவியாகாமல் உடம்பிலேயே வழியும், சூடு உள்ளேயே தங்கும். சானா 46-ல் இருந்தால் சானாவும் இல்லை, ஸ்டீமும் இல்லை. கதவை மூடிய மர அலமாரிக்குள் உட்கார்ந்திருப்பது போலத்தான் இருந்தது. கவுன்டரில் சொன்னேன். “நாளைக்கு இரண்டும் சரியாகிவிடும் மேடம்” என்றார்கள்.

மறுநாள் காலை, பினாங்கு வந்து சேர்வதற்கு முன், மறுபடி போனோம். உண்மையிலேயே சரிசெய்திருந்தார்கள். சானா முள் 88-ல் நின்றது. ஆனால் உள்ளே போகும் முன் செய்யவேண்டியவை பற்றி ஒரு வார்த்தை சொல்ல அங்கே ஆள் இல்லை. அம்மா மேல் பலகையில் உட்கார்ந்தார். சூடு மேலேதான் ஏறி நிற்கும், முதல் தடவை போகிறவர்கள் கீழ்ப் பலகையில்தான் உட்காரவேண்டும் என்பது எனக்கும் அப்போது தெரியாது. ஐந்து நிமிடம் இருக்கும். அம்மா “ஐயோ” என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். தாலிச் சங்கிலி. தங்கம் அந்தச் சூட்டில் காய்ந்து, கழுத்து ஓரத்திலிருந்து நெஞ்சு வரை சிவப்பாகக் கோடு போட்டுவிட்டது. சங்கிலியின் கொக்கி இருந்த இடத்தில், பின் கழுத்தில், சின்னதாக ஒரு கொப்புளமே வந்துவிட்டது.

நம் வீட்டுப் பெண்களுக்காக இதைத் தனியாகச் சொல்கிறேன். நகை எதையும் போட்டுக்கொண்டு சானாவுக்குள் போகாதீர்கள். வளையல், மோதிரம், கொலுசு, எல்லாவற்றையும் கேபின் லாக்கரில் வைத்துவிடுங்கள். தாலியைக் கழற்ற மனம் வராது என்றால், அந்த நேரத்துக்கு மஞ்சள் கயிற்றில் கோத்துக்கொண்டு, அதன் மேல் ஈரத்துண்டைப் போர்த்திக்கொள்ளுங்கள். கதவில் ஒரு படம் வரைந்து ஒட்டியிருந்தாலே என் அம்மாவுக்கு அந்தச் சூடு பட்டிருக்காது.

அதோடு கேபினுக்குத் திரும்பியிருக்கலாம். “பணம் கட்டியாச்சு, ஸ்டீமையும் பார்த்துட்டுப் போவோம்” என்று அம்மா சொன்னார், நானும் சரி என்றேன். குளிர்ந்த தண்ணீர் ஊற்றிக்கொண்டு, சற்று உட்கார்ந்துவிட்டு, ஸ்டீம் ரூமுக்குள் போனோம். யூகலிப்டஸ் வாசனை, கை நீட்டினால் கை தெரியாத அளவு புகை. பத்து நிமிடம் ஆகியிருக்கும். “தலை ஒரு மாதிரி இருக்குடி” என்று அம்மா எழுந்தார். எழுந்த வேகத்தில் முழங்கால் மடங்கி அப்படியே சரிந்தார். ஈர டைல்ஸ். நான் பிடிப்பதற்குள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு சீன அம்மாள்தான் தாங்கிப் பிடித்தார். அவர் பிடித்திருக்காவிட்டால் தலை டைல்ஸ் விளிம்பில் பட்டிருக்கும். அவர் பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. எங்கிருந்தாலும் அவர் நன்றாக இருக்கட்டும்.

கதவருகே இருந்த சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். யாரும் வரவில்லை. நாங்கள் இருவருமாக அம்மாவை வெளியே கொண்டுவந்து படுக்கவைத்து, நான் ஓடிப்போய்க் கவுன்டரில் கத்திய பிறகுதான் ஆள் வந்தது.

கீழ் டெக்கில் இருந்த மருத்துவ அறையில் பார்த்தபோது பிரஷர் 88-க்கு 56. மருத்துவர் பொறுமையாக விளக்கினார். சூட்டில் தோலுக்கு அடியில் இருக்கும் ரத்தக் குழாய்கள் விரியும், பிரஷர் இறங்கும். மாத்திரையும் அதே வேலையைத்தான் செய்கிறது. காலையில் மாத்திரை போட்டுவிட்டு, வியர்வையில் நீரும் வற்றி, உட்கார்ந்த இடத்திலிருந்து சட்டென்று எழுந்தால் மூளைக்குப் போகும் ரத்தம் குறைந்து மயக்கம் வரும். பிரஷர், இதய நோய், சர்க்கரை இருப்பவர்களும் கர்ப்பிணிகளும் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் உள்ளே போகக் கூடாது, மது குடித்துவிட்டு யாருமே போகக் கூடாது என்றார். அப்புறம் அவர் கேட்ட கேள்விதான் என்னை உலுக்கியது: “பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர் என்று ஸ்பா படிவத்தில் நீங்கள் ஏன் எழுதவில்லை?”

எந்தப் படிவம் என்று நான் கேட்டேன்.

மருத்துவ அறை பில் 164 டாலர். கப்பலில் மருத்துவம் இலவசம் இல்லை, அதுவும் கேபின் கணக்கில்தான் ஏறும். பயணக் காப்பீடு எடுத்திருந்ததால் அந்தப் பணம் பிறகு கிடைத்தது. வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் காப்பீடு எடுக்காமல் கப்பல் ஏறாதீர்கள்.

புக்கெட்டில் அம்மா இறங்கவே இல்லை. நான் கூடவே கேபினில் இருந்தேன். நான்காம் நாள் முழுக்கக் கடலில். அம்மா, “நீயாவது போய்ட்டு வாடி” என்று வற்புறுத்தியதால் ஒருமுறை எட்டிப் பார்த்தேன். அதே லேமினேட் தாள் மறுபடி ஸ்டீம் ரூம் கதவில். இருந்த பத்து சாய்வு நாற்காலியிலும் ஆள். அதற்கு மேல் ஒரு கூட்டம் துண்டோடு காத்துக்கொண்டு நின்றது. வெந்நீர்த் தொட்டித் தண்ணீர் கலங்கலாக, விளிம்பில் கை வைத்தால் வழுவழுவென்றிருந்தது. நான் அதில் கால் வைக்கவில்லை. 1994-ல் நியூயார்க்கிலிருந்து பெர்முடா போய்வந்த ஒரு கப்பலில், சரியாகப் பராமரிக்காத வெந்நீர்த் தொட்டியிலிருந்து லெஜியோனேர்ஸ் என்ற நிமோனியா 50 பேருக்குப் பரவியது மருத்துவ இதழ்களில் பதிவான சம்பவம். அந்தக் கிருமி வெதுவெதுப்பான தண்ணீரில் வளரும், தெறிக்கும் நுண் துளிகளை மூச்சில் இழுத்தால் நுரையீரலுக்குப் போகும். தண்ணீர் தெளிவாக இல்லையென்றால், வழுவழுப்பு தெரிந்தால், எவ்வளவு பணம் கட்டியிருந்தாலும் இறங்காதீர்கள்.

திரும்பி வந்து புலம்பிக்கொண்டிருந்தபோது கணவர் சாதாரணமாகக் கேட்டார்: “நான் ஜிம்முக்குப் போனப்போ உடை மாத்துற அறையில ஒரு சானா இருந்துச்சே, நானும் பையனும் நேத்து பத்து நிமிஷம் உட்கார்ந்தோம், அதுக்கு எங்கே காசு கேட்டாங்க?” ஓடிப்போய்ப் பார்த்தேன். பெண்கள் பக்கமும் ஒன்று இருந்தது. சின்னதுதான், நாலு பேர் உட்காரலாம். முள் 80-ல் நின்றது. கேபின் அட்டை இருக்கும் யார் வேண்டுமானாலும் இலவசமாக உள்ளே போகலாம். சில கப்பல்களில், முக்கியமாகச் சற்றுப் பழைய கப்பல்களில், இப்படி ஜிம் பக்கத்தில் இலவச சானா உண்டு என்று பிறகு தெரிந்துகொண்டேன். முதல் நாள் சுற்றிக் காட்டிய பெண் அதே கதவைத் தாண்டித்தான் எங்களை அழைத்துப் போனார். அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

கெஸ்ட் சர்வீஸ் கவுன்டரில் போய் நின்றேன். ஸ்பாவை நடத்துவது வேறு நிறுவனம், அங்கேதான் பேசவேண்டும் என்றார்கள். ஸ்பாவில், மேலாளர் இல்லை, பாஸ் பணம் திரும்பத் தர விதியில்லை என்றார்கள். மறுபடி கீழே வந்தேன். மூன்று தடவை ஏறி இறங்கிய பிறகு, பாஸ் விலையில் 50 டாலரைக் கழித்துக்கொள்வதாகச் சொன்னார்கள். பில் கணக்கில் இல்லை, ஸ்பாவிலேயே ஏதாவது கிரீம் வாங்கினால் கழிப்பார்களாம். வேண்டாம் என்று வந்துவிட்டேன். ஒன்று மட்டும் செய்திருக்கலாம். முதல் நாள் மாலை அந்தத் தாளைப் பார்த்த உடனே போட்டோ எடுத்து, அன்றைக்கே எழுத்தில் புகார் கொடுத்துப் பாஸை ரத்து செய்யக் கேட்டிருந்தால் நிலைமை வேறாக இருந்திருக்கும். கப்பல் கரை சேர்ந்து கார்டில் பணம் எடுத்த பிறகு கேட்பது ரொம்பக் கஷ்டம்.

வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், ஸ்டீம் ரூம் கதவைத் திறக்கச் சொல்லி, உள்ளே ஆவி வருகிறதா என்று கண்ணால் பாருங்கள். ஒரு நாள் பாஸ் கொடுப்பார்களா என்று கேளுங்கள். நான்கு நாள் பாஸ் என்றாலும், ஏறும் நாளும் ஊர் சுற்றும் நாளும் போக உங்களுக்கு உண்மையில் கிடைப்பது ஒன்றரை நாள்தான். டேப்லெட்டைக் கையில் வாங்கி, முதல் பக்கத்திலிருந்து படித்து, நீங்களே தட்டுங்கள். பின்னால் வரிசை நின்றால் நிற்கட்டும். உங்களுக்கு ஆங்கிலம் தெரிந்து அம்மா அப்பாவுக்குத் தெரியாது என்றால், ஒவ்வொரு கேள்வியையும் அவர்களிடம் தமிழில் கேட்டு, அவர்கள் சொன்ன பதிலை எழுதிய பிறகு கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.

வீடு திரும்பியதும் அந்தப் படிவத்தின் நகலைக் கேட்டு மின்னஞ்சல் அனுப்பினேன். இரண்டு முறை நினைவூட்டி, மூன்று வாரம் கழித்து வந்தது. அம்மாவின் பெயர், கேபின் எண். கீழே ஆங்கிலத்தில் ஒன்பது கேள்விகள். ரத்த அழுத்தம், இல்லை. தொடர்ந்து மருந்து, இல்லை. மூட்டுப் பிரச்சினை, இல்லை. ஒன்பதுக்கும் இல்லை. “மேலே உள்ள பதில்கள் அனைத்தையும் நானே படித்து அளித்தேன்” என்று ஒரு வரி. அதன் அடியில், விரலால் எழுதியதால் கொஞ்சம் கோணலாக, தமிழில் அம்மாவின் கையெழுத்து.