மரம் அளக்க எது தோது: டேப்பா, லேசரா, கயிறா?

பென்சில்வேனியாவில் குக் ஃபாரஸ்ட் என்றொரு மாநிலப் பூங்கா. பிட்ஸ்பர்க்கிலிருந்து காரில் இரண்டு மணி நேரம். கோடாரி படாத வெள்ளைப் பைன்களும் ஹெம்லாக் என்ற ஊசியிலை மரங்களும் அங்கே இன்னும் கூட்டமாக நிற்கின்றன. வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை நாங்கள் நாலைந்து பேர் போய் அவற்றை அளப்போம். பறவை பார்க்கப் போகிறவர்கள் மாதிரிதான், கழுத்து வலி உட்பட. போகும்போதெல்லாம் ஒரே சண்டை: எந்த அளவை நோட்டில் எழுதுவது?

டேப்பும், கோணம் பார்க்கும் கிளைனோமீட்டரும்தான் மூத்த ஜோடி. மரத்தடியிலிருந்து இவ்வளவு அடி என்று டேப் பிடித்துத் தள்ளி நிற்க வேண்டும், உச்சிக்கு எத்தனை டிகிரி என்று பார்க்க வேண்டும், தூரத்தை டேன்ஜென்ட்டால் பெருக்க வேண்டும். கண் மட்டத்துக்குக் கீழே உள்ளதையும் கூட்டினால் உயரம். பத்தாம் வகுப்புக் கணக்கு. செலவு குறைவு, பேட்டரி வேண்டாம். ஆனால் இந்தக் கணக்கு ஓசைப்படாமல் ஒன்றை நம்பிக்கொள்கிறது: உச்சி, அடிமரத்துக்கு நேர் மேலே இருக்கிறது என்று. கொடிக்கம்பத்துக்கு அது சரி. முன்னூறு வருஷம் புயலில் அடிபட்ட பைனுக்கு?

போன நவம்பரில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு பைனிலிருந்து 120 அடி தள்ளி நின்றோம். உச்சி 50 டிகிரி. கண்ணுக்கு மேலே 143 அடி, கீழே 6, மொத்தம் 149. "இன்னும் ஒரு அடி கிடைச்சா 150 சார்" என்று நண்பர் கால் விரலில் எம்பி நின்றார். நான் அதே நுனிக்கு, தூரம் காட்டும் லேசர் கருவியை அடித்தேன். கண்ணிலிருந்து நுனி வரை சாய்வாக நேர்க்கோட்டில் 163 அடி. அதை 50 டிகிரியின் சைனால் பெருக்கினால் 125, அந்த 6-ஐயும் சேர்த்தால் 131. நாங்கள் உச்சி என்று நினைத்தது, எங்கள் பக்கம் 15 அடி நீட்டிக்கொண்டிருந்த ஒரு கிளையின் முனை. "என்ன சார், ஒரே நிமிஷத்துல பதினெட்டு அடியை வெட்டிட்டீங்களே!" என்று அவருக்கு மனத்தாங்கல்.

ஆனால் 131-ம் சரியில்லை. அந்தக் கிளை நிஜ உச்சியை மறைத்துக்கொண்டிருந்தது. மரத்தைச் சுற்றிப் போய், எதிர்ச் சரிவில் ஒரு இடுக்கு தேடிப் பிடித்துப் பார்த்ததில் 138 கிடைத்தது. அதைத்தான் எழுதினோம்.

இரண்டு முறைக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். லேசரும் சைனும் சேர்ந்தால், அடித்த புள்ளி எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அதை மட்டும் சொல்லும். அது அடிமரத்துக்கு நேர் மேலே இருக்கிறதா என்ற கவலையே அதற்கில்லை. உச்சியைத் தவறவிட்டால் குறைவாகச் சொல்லும், இல்லாத உயரத்தைக் கொடுக்காது. எத்தனை இடத்திலிருந்து வேண்டுமானாலும் அடித்துப் பார்த்து, கிடைத்ததில் பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளலாம். டேன்ஜென்ட்டில் பெரிய எண்ணை எடுத்தால், பெரும்பாலும் பெரிய தப்பை எடுத்தோம் என்றுதான் அர்த்தம்.

லேசருக்கும் குறும்பு உண்டு. புதர் குறுக்கே வந்தால் புதரைத்தான் அளக்கும். மலிவான கருவிகளில் அரை கெஜத்துக்கு ஒருமுறைதான் எண் மாறும். அது மாறும் இடம் வரை முன்னும் பின்னும் ஒரு எட்டு நகர்ந்து பார்க்க வேண்டும். விலை சில நூறு டாலர். வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: சில கருவிகளில் மூன்று புள்ளி முறை என்று ஒன்று இருக்கும். அடிமரத்துக்கு மட்டும் தூரம் எடுத்துவிட்டு, உச்சிக்கும் அடிக்கும் கோணத்தை மட்டும் பார்க்கும். லேசர் வேஷம் போட்ட பழைய டேன்ஜென்ட்தான் அது.

கயிறு கட்டி ஏறி, உச்சியிலிருந்து டேப்பை இறக்குவதை மிஞ்சிய அளவு கிடையாது. இதே குக் ஃபாரஸ்ட்டின் லாங்ஃபெலோ பைனை அப்படித்தான் 183.6 அடி என்று அளந்தார்கள். கலிஃபோர்னியாவின் ஹைபீரியன் என்ற ரெட்வுட் மரத்துக்கு 2006-இல் கிடைத்த 115.55 மீட்டரும், போர்னியோவின் சபா மாநிலத்தில் மெனாரா என்ற மஞ்சள் மெரந்திக்கு 2019-இல் கிடைத்த 100.8 மீட்டரும் டேப் இறக்கியவைதான். ஆனால் அது பயிற்சி பெற்றவர்கள் வேலை. ஒரு மரத்துக்கே பாதி நாள் போய்விடும், பட்டைக்கும் கிளைக்கும் காயம் படாமல் ஏறத் தெரிந்திருக்க வேண்டும், அனுமதியும் வேண்டும். எங்களுக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்ப்பதே போதும்.

விமானத்திலிருந்து லேசர் துடிப்புகளைக் கீழே அனுப்பி உயரம் எடுக்கும் லைடார் வேறு ரகம். அமெரிக்காவில் பல இடங்களுக்கு அந்தத் தரவு இலவசம். வீட்டில் காப்பியோடு உட்கார்ந்து, எந்தப் பள்ளத்தாக்கில் பெரிசு இருக்கிறது என்று தேடலாம். மெனாராவும் முதலில் லைடாரில்தான் தென்பட்டது. தேட அதுதான் ராஜா, தீர்ப்புச் சொல்ல இல்லை. இரண்டு ஒளித்துடிப்புகளுக்கு நடுவில் கூரான நுனி தப்பிவிடும். செங்குத்துச் சரிவில் பள்ளத்தின் பக்கம் சாய்ந்த மரமென்றால், உச்சிக்கு நேர் கீழே இருக்கும் தாழ்ந்த தரையிலிருந்து கணக்குப் போட்டு உயரத்தை ஏற்றிவிடும்.

கையை நீட்டிக் குச்சி பிடித்து அளப்பது குழந்தைகளுக்கு நல்ல விளையாட்டு. அதிலும் டேன்ஜென்ட்டின் நோய்தான்.

எதை வாங்கலாம் என்று கேட்டால், லேசர் வாங்குங்கள், கிளைனோமீட்டரையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். அடர்ந்த ஹெம்லாக் நிழலில் லேசர் முரண்டு பிடிக்கும்போது கோணமாவது கையில் இருக்கும். எந்த முறையானாலும், சரிவில் நிற்கும் மரத்துக்கு மேட்டுப் பக்கத் தரைக்கும் பள்ளத்துப் பக்கத் தரைக்கும் நடுவில்தான் மரத்தின் அடி என்று கணக்கு. எங்கள் கூட்டத்தில் இன்னும் ஓயாத சண்டை அதுதான். மேட்டில் ஒருவர், பள்ளத்தில் ஒருவர் காலை ஊன்றி நிற்க, நடுவில் சுண்ணாம்புக் கட்டியோடு குனிந்திருப்பவன் எப்போதும் நான்.