கோப்பையா, நாயா?

ரிக் ரியோர்டன் எழுதும் சிறுவர் நாவல் வரிசையின் நாயகன், கிரேக்கத் தெய்வத்துக்குப் பிறந்த இன்றைய அமெரிக்கப் பையன் பெர்சி ஜாக்சன். நாவலில் அவன் தன் வாயாலேயே கதை சொல்வது 2009-இல் ஐந்தாம் பாகத்தோடு நின்றுபோயிருந்தது. 14 வருடம் கழித்து, 2023-இல் ‘தி சாலிஸ் ஆஃப் தி காட்ஸ்’ வந்தது. அடுத்த வருடமே ‘ராத் ஆஃப் தி டிரிபிள் காடஸ்’. ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் எதை வாங்குவது?

இரண்டுக்கும் முடிச்சு ஒன்றுதான். உலகத்தைக் காப்பாற்றி முடித்த பெர்சி, பள்ளியில் கடைசி வருடம் படிக்கிறான். காதலி அன்னபெத்தோடு நியூ ரோம் பல்கலைக்கழகத்தில் சேர ஆசை. கடல் தெய்வம் போசைடனின் மகன் என்பதால் அவனுக்குத் தனி நிபந்தனை: மூன்று தெய்வங்களிடம் சிபாரிசுக் கடிதம் வாங்க வேண்டும். (இந்த அலைச்சல் நமக்கொன்றும் புதிதில்லை.)

முதலாவதில், தேவர்களுக்குப் பானம் ஊற்றும் கனிமீடின் கோப்பை திருட்டுப் போகிறது. மீட்டுத் தந்தால் ஒரு கடிதம். பெர்சியும் நண்பர்களும் தெய்வம் தெய்வமாகப் போய் விசாரிப்பது, நடுவில் கொஞ்சம் சலிப்புத் தட்டுகிறது. ஆனால் முதுமையின் தெய்வம் ஜெராஸோடு மல்லுக்கட்டும் இடம் அருமை. பழைய கிரேக்க ஜாடி ஓவியங்களில் ஹெரக்ளீஸ் இதே கிழவரைத் தடியோடு விரட்டுவார். பெர்சி செய்வது வேறு. அதைச் சொன்னால் புத்தகத்தையே சொன்ன மாதிரி.

இரண்டாவதில், மந்திர தெய்வம் ஹெக்கட்டி ஹாலோவீன் வாரத்தில் வெளியே போகிறாள். அவளுடைய மன்ஹாட்டன் மாளிகையையும் இரண்டு செல்லப் பிராணிகளையும் பெர்சி பார்த்துக்கொள்ள வேண்டும். ஒன்று ஹெக்குபா என்ற நரக நாய். மற்றது கேல், கீரி மாதிரி ஒரு பிராணி, ஓயாமல் வாயு விடும். பெர்சியின் நண்பன் குரோவர் தொடக்கூடாததைக் குடித்துவைக்க, வீடு நாசம், பிராணிகள் ஓட்டம்!

விழுந்து விழுந்து சிரிக்கும்போதே அந்த நாய் யாரென்பது உறைக்கிறது. டிராய் நகரத்து அரசி. போரில் கணவனையும் பிள்ளைகளையும் பறிகொடுத்தவள். அடைக்கலம் தந்தவனே பொன்னாசையில் மகன் பாலிடோரஸைக் கொன்றதும், அந்தக் கொலைகாரனின் கண்களைப் பறித்தவள். பிறகு நாயாக மாறினாள் என்கிறது புராணம். காந்தாரியை நினைக்காமல் இதைப் படிக்க என்னால் முடியவில்லை. அவளுக்காவது சபிக்கக் கண்ணன் எதிரே நின்றான். இவளால் குரைக்கத்தான் முடிந்தது.

அதனால் என் ஓட்டு நாய்க்குத்தான். கோப்பையைப் படிக்காவிட்டாலும் இந்தக் கதை புரியும். பெர்சியையே தெரியாதவர்கள் மட்டும் இரண்டையும் ஓரமாக வைத்துவிட்டு, 2005-இல் வந்த ‘தி லைட்னிங் தீஃப்’ நாவலிலிருந்து தொடங்குங்கள்.