72 வெற்றிகளா, 73 வெற்றிகளா?

அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்துத் தொடரில் மிகச் சிறந்த பருவத்தை ஆடிய அணி எது? ஒரு பருவத்தின் 82 லீக் ஆட்டங்களில் 1995-96இல் சிகாகோ புல்ஸ் 72 ஆட்டங்களை வென்றது. 2015-16இல் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ், முதல் 24 ஆட்டங்களில் தோல்வியே காணாமல் தொடங்கி, 73 வெற்றிகளுடன் அச்சாதனையை முறியடித்தது. வாரியர்ஸின் ஸ்டீபன் கரி அந்தப் பருவத்தில் மட்டும் 402 முறை தொலைவிலிருந்து எறியும் மூன்று புள்ளிப் பந்தைக் கூடைக்குள் இட்டார். மைக்கேல் ஜோர்டான் ஆடிய புல்ஸோ தடுப்பாட்டத்தாலேயே எதிரணிகளைத் திணறடித்தது. ஆயினும் என் தேர்வு புல்ஸ்தான். நான்கு வெற்றிகளை முதலில் எட்டும் அணிக்கே கோப்பை கிடைக்கும் இறுதிச் சுற்றில் அது சியாட்டிலை 4-2 என வீழ்த்தியது. தன் இறுதிச் சுற்றில் கிளீவ்லாந்துக்கு எதிராக 3-1 என முன்னிலை பெற்றிருந்த வாரியர்ஸோ, ஏழாவது ஆட்டம் 89-89 என நின்றபோது, 53 வினாடிகள் எஞ்சிய நிலையில் அவ்வணியின் கைரி இர்விங் எறிந்த மூன்று புள்ளிப் பந்துக்கு விடை காணாமல் கோப்பையை இழந்தது.